வேலூர் சென்று வந்தோம்

வேலூர் என்றதும் சிலருக்கு அகழி சூழ்ந்த கோட்டை நினைவுக்கு வரும். சிலருக்கு 1806-ஆம் ஆண்டின் சிப்பாய்ப் புரட்சி. சமையலில் நாட்டமுடையோர்க்கு முள் கத்தரிக்காய். எங்கள் குடும்பத்தாருக்கோ அவ்வூர் ஒரு மருத்துவமனைக் கதவின் வடிவில்தான் நினைவுக்கு வருகிறது. அக்கதவின் முன்னே நின்று எங்கள் மகள் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டாள். அக்கேள்விக்கு நாங்கள் சொன்ன விடையைப் பற்றியதே இக்கட்டுரை.

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே சென்றோம். மகளுக்கு அப்போது ஏழு வயது, புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடப்பக்கச் சிறுநீரகத்திலிருந்து நீர் இறங்கும் குழாயின் மேல்வாய் பிறவியிலேயே குறுகியிருந்தது. நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருப்பதாகவும், குறுகிய பகுதியை அறுத்து நீக்கி மீண்டும் இணைக்காவிடில் அது நாளடைவில் பழுதுபடும் என்றும் மருத்துவர் கூறினார். உறவினர் பலரும் ஒருமுகமாகச் சொன்ன ஊர் வேலூர்.

ஆனால் வேலூர்ப் பயணத்திற்கு முன்னர் மற்றொரு சிறு பயணம் நடந்தது. அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமே. எனினும் சொல்லாமல் விட்டால் மற்றவை விளங்கா.

நாங்கள் கடலூர்ப் பக்கத்தவர்கள். நோய் இன்னதென்று அறிய இரத்தப் பரிசோதனையும் பிறவும் தேவைப்பட்டபோது அருகிலுள்ள ஒரு நகரத்தின் மருத்துவமனைக்கு மகளை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஊசி என்றால் வரமாட்டாள் என்று அஞ்சி, “கடற்கரைக்குப் போகிறோம்” என்று சொல்லிவிட்டோம். அவள் தன் சிவப்பு நிற மணல் வாளியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மருத்துவமனையில் நால்வர் கைகால்களைப் பிடித்துக்கொள்ள இரத்தம் எடுக்கப்பட்டது. திரும்பும் வழியெல்லாம் அவள் அழவில்லை, பேசவுமில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறு காலையில் பூசைக்குப் புறப்பட்டோம். வாசலில் நின்றுகொண்டு, “கோயிலுக்குத்தானே?” என்று கேட்டாள். அதன் பிறகு கடைக்கென்றாலும் பாட்டி வீட்டுக்கென்றாலும் அதே கேள்விதான். பெற்றோர் சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வந்த குழந்தை, எங்கள் முகத்தை ஆராய்ந்து பார்த்து வரும் குழந்தையாகிவிட்டாள்.

எங்கள் பங்கிலுள்ள கன்னியர் இல்லத்தில் பல்லாண்டு செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அருட்சகோதரி ஒருவர் இருந்தார். அவரிடம் சென்று முறையிட்டோம். பொறுமையாகக் கேட்டபின் அவர் சொன்னார்: “ஊசி குத்திய வலி அன்று மாலையே ஆறியிருக்கும். நீங்கள் சொன்ன பொய்தான் இன்னும் வலிக்கிறது. வேலூருக்காவது அவளிடம் உண்மையைச் சொல்லி அழைத்துப் போங்கள்.”

“உண்மையைச் சொன்னால் பயப்படுவாளே, சிஸ்டர்?”

“பயப்படத்தான் செய்வாள். ஆனால் உங்களோடு சேர்ந்து பயப்படுவாள். பொய் சொன்னால் தனியாகப் பயப்படுவாள்.”

அன்று முதல் அவர் எங்களுக்கு ஆசிரியையானார். எப்போது சொல்வது என்பதே அவர் கற்பித்த முதற் பாடம். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓரிரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். அதற்கு மேல் அதன் மனத்தில் காலம் தங்குவதில்லை. ஐந்தாறு வயதினர்க்குச் சில நாட்கள் வேண்டும். ஏழு வயதைக் கடந்தோர்க்கு ஒரு வாரமாவது வேண்டும். அவர்கள் எண்ணிப் பார்க்கவும், திரும்பத் திரும்பக் கேட்கவும் அவகாசம் கொடுக்கவேண்டும்.

எந்தச் சொல்லால் சொல்வது என்பது இரண்டாம் பாடம். ‘வெட்டுவார்கள்’ என்பதை விட ‘சரிசெய்வார்கள்’ என்பது நன்று; அதுவும் உண்மையே. ‘வலிக்கவே வலிக்காது’ என்று ஒருபோதும் சொல்லலாகாது. ‘கொஞ்சம் வலிக்கும், அழலாம், கையை மட்டும் அசைக்காதே’ என்று சொல்லலாம். மயக்க மருந்தை, இரவுத் தூக்கம் போன்றதன்று என்று பிரித்துச் சொல்லவேண்டும். இல்லையேல் நடுவில் விழித்துக்கொள்வோமோ என்ற அச்சமோ, வீட்டில் படுக்கவே தயக்கமோ குழந்தைக்கு உண்டாகலாம். “வைத்தியர் கொடுக்கும் மருந்தால் வரும் தனித் தூக்கம் அது. வேலை முடியும்வரை ஒன்றும் தெரியாது; முடிந்ததும் எழுப்பிவிடுவார்கள்” என்று சொல்லப் பழகினோம்.

தோட்டத்து நீர்க்குழாயை ஓரிடத்தில் மடித்துப் பிடித்து, நீர் எவ்வாறு தேங்குகிறது என்று மகளுக்குக் காட்டினோம். கையை விட்டதும் நீர் பாய்ந்தது. “உன் வயிற்றுக்குள் இருக்கும் குழாயையும் இப்படித்தான் சரிசெய்யப்போகிறார்கள்” என்றோம். பழைய துணிப் பொம்மைக்கு அவளே வைத்தியரானாள். அதன் வயிற்றில் கட்டுப் போட்டாள். கையில் நூலைக் கட்டிச் ‘சத்துநீர்’ ஏற்றினாள். பொம்மைக்கு ஊசி போடும்போது, “கொஞ்சம் வலிக்கும், அழலாம்” என்று அவளே சொன்னாள். அடுத்த அறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் இரவு எதிர்பாராத கேள்வி ஒன்று வந்தது. “நான் தம்பியை அடித்துவிட்டு இல்லை என்று சொன்னேனே, அதற்காகவா சாமி எனக்கு இந்த நோயைக் கொடுத்தார்?”

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. ‘பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்’ என்று விளையாட்டாகச் சொன்னவர்கள் நாங்களே. ‘சோறு உண்ணாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்’ என்று மிரட்டியவர்களும் நாங்களே. நோயைத் தண்டனையாகவும் மருத்துவரைப் பூச்சாண்டியாகவும் காட்டி வளர்த்த பின்னர், பிள்ளை வேறு என்ன எண்ணும்? யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் பிறவிக்குருடனைப் பற்றி அவளுக்குச் சொன்னோம். அவன் குருடனாய்ப் பிறந்ததற்கு அவன் பாவமும் காரணமன்று, பெற்றோர் பாவமும் காரணமன்று என்று ஆண்டவர் சீடர்களுக்கு விளக்கியதை எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். “அப்படியானால் சரி” என்று சொல்லித் தூங்கிவிட்டாள். அன்றிரவு உறங்காதவர்கள் நாங்கள்.

புறப்படுவதற்கு முன் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்து அவளுக்கு நோயிற்பூசுதல் அளித்தார். அண்டை வீட்டார் திகைத்தனர். சாகக் கிடப்போர்க்கு மட்டுமே உரியது அது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. கடும் நோயின் பொருட்டு அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோரும், புத்தி தெளியும் வயதை அடைந்த பிள்ளைகளும் இத்திருவருட்சாதனத்தைப் பெறலாம் என்று திருச்சபை கற்பிக்கிறது. ‘இது உனக்குத் தெம்பு தரும் எண்ணெய்’ என்று தந்தை சொன்னதும், மகள் உள்ளங்கைகளைத் தானே நீட்டினாள். நான்கு வயதுத் தம்பிக்கும் எல்லாவற்றையும் சொன்னோம். சொல்லாமல் விட்டிருந்தால், அக்காள் ஏன் திடீரென மறைந்தாள் என்று அவன் மனம் என்னென்ன கற்பித்திருக்குமோ!

புதுவையிலிருந்து திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வழியாக வேலூருக்குப் பேருந்தில் சென்றோம். வண்டி திண்டிவனத்தை அடைந்தபோது, “நாம் போகும் மருத்துவமனையின் கதை இந்த ஊரில்தான் தொடங்குகிறது” என்று மகளுக்குச் சொல்லத் தொடங்கினோம்.

இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு பிறந்தவர் ஐடா ஸ்கடர். தந்தையார் அமெரிக்க மறைப்பணி மருத்துவர். அமெரிக்காவில் படித்துவிட்டுத் திண்டிவனத்திலிருந்த பெற்றோரிடம் வந்த அந்த இளம்பெண்ணுக்கு இந்நாட்டில் தங்கும் எண்ணமே இல்லை. ஓர் இரவு ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் துன்புற்றுக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட அக்கால வழக்கம் இடங்கொடுக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவே ஐடாவின் வாழ்வைத் திருப்பியது. அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு படுக்கையுடன் தம் பணியைத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. இன்று நாடறிந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக விளங்குவது அதுவே. 1960-இல் ஐடா அம்மையார் மறைந்தார்.

பெண்கள் இறந்த செய்தியை மகளுக்கு மறைக்கவில்லை. சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அந்த டாக்டரம்மாவும் முதலில் பயந்தார்களா?” என்று கேட்டாள். “பயந்திருப்பார்கள், ஆனாலும் திரும்பி வந்தார்கள்” என்றோம்.

வேலூர் விந்தையான ஊர். மருத்துவமனையை அடுத்த தெருக்களில் விடுதிகளின் பலகைகளிலும் உணவகப் பலகைகளிலும் வங்காள எழுத்துகளைக் காண்கிறோம். ஆந்திரம், வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என எங்கிருந்தெல்லாமோ மக்கள் மருத்துவக் கோப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார்கள். அருட்சகோதரி சொல்லியிருந்தபடி இரண்டு நாள் முன்னதாகவே நாங்கள் சென்றுவிட்டோம். மாலையில் கோட்டைக்குப் போனோம். ஒரே மதில்களுக்குள் சலகண்டேசுவரர் கோயில், மசூதி, 1846-இல் எழுந்த தூய யோவான் ஆலயம் ஆகிய மூன்றும் இருப்பது மகளுக்கு வியப்பாயிருந்தது. அகழியின் நீரைப் பார்த்தபடி, “நாளை ஆசுபத்திரிக்கு, இல்லையா?” என்றாள். “ஆம். நாளை சுற்றிப் பார்ப்போம், ஊசி நாளை மறுநாள்தான்” என்றோம்.

மறுநாள் அவளை நடத்திக் காட்டினோம். சீட்டுப் பதியும் இடத்தின் நீண்ட வரிசை, தாழ்வாரங்கள், தள்ளுவண்டிகள், பச்சை உடையணிந்து விரைந்து செல்வோர், மருந்து வாடை—எல்லாவற்றையும் நோயாளியாகக் காணுமுன் விருந்தாளியாகக் கண்டாள். உள்ளே இருந்த சிற்றாலயத்தில் மூவரும் முழந்தாளிட்டோம். பணிவிடை பெற அன்று, பணிவிடை புரியவே என்ற கருத்தை அந்நிறுவனம் தன் குறிக்கோளாகக் கொண்டிருக்கிறது. மாற்குவின் நற்செய்தியில் ஆண்டவர் தம்மைப் பற்றிச் சொன்னது அது.

ஊசி போடும் நாளும் வந்தது. அழுதாள். ஆனால் எவரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தாயின் தோளில் முகம் புதைத்துப் பத்து வரை எண்ணினாள். ஏழில் வேலை முடிந்துவிட்டது. “நீங்கள் சொன்னதை விடக் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது” என்று எங்களைத் திருத்தினாள். திருத்தத்தை ஏற்றுக்கொண்டோம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் திட உணவு ஆறு மணி நேரமும் தண்ணீர் இரண்டு மணி நேரமும் ஆகாது என்பது பொதுவான விதி. மருத்துவர் தரும் கட்டளையே இறுதியானது. வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்தில் அது மேலெழுந்து மூச்சுப்பைக்குள் புகுந்துவிடும். இரக்கப்பட்டு ஒரு ரொட்டித் துண்டை ஊட்டிவிடும் பாட்டிமார் உண்டு. அவ்விரக்கம் உயிருக்கே உலை வைக்கும். மகள் பட்டினி கிடந்த காலைப்பொழுதில் நாங்களும் அவள் எதிரில் எதுவும் உண்ணவில்லை.

பிறகு அந்தக் கதவு. தள்ளுவண்டியில் படுத்தபடி, துணிப் பொம்மையை அணைத்துக்கொண்டு, “நீங்களும் உள்ளே வருவீர்கள்தானே?” என்று கேட்டாள்.

‘வருவோம்’ என்று சொல்லிவிட நா துடித்தது. அவள் கண்கள் எங்கள் முகத்தை ஆராய்ந்தன. கடற்கரைக்கென்று சொல்லி அழைத்துச் சென்ற நாளில் பழகிய பார்வை அது.

“இந்தக் கதவுக்கு அப்பால் எங்களை விடமாட்டார்கள், கண்ணு. நாங்கள் இங்கே, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். நீ விழித்ததும் அம்மாவைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.”

உதடு நடுங்கியது. “இந்தப் பெஞ்சிலா?” என்று தலையைத் திருப்பிப் பார்த்து வைத்துக்கொண்டாள். கதவு மூடியது. அவளுக்குச் சொன்ன சொல் பொய்யாகிவிடலாகாது என்று, செபமாலை சொல்லி முடித்த பின்னும் நாங்கள் இருவரும் அந்தப் பெஞ்சை விட்டு எழவில்லை. மூன்று மணி நேரம் கழித்துத் தாயை அழைத்தார்கள். நோயும் மயக்கமும் கலந்த குரலில் அவள் முதலில் கேட்டது, “பெஞ்சிலேயே இருந்தீர்களா?” என்பதுதான்.

ஐந்து நாட்கள் தங்கினோம். வலி இருந்தது, சிறுநீர் இறங்கக் குழாய் இருந்தது. குழாயைப் பற்றி முன்பே சொல்லியிருந்ததால் அவள் அதைப் பிடுங்க முனையவில்லை. அடுத்த கட்டிலில் வங்காளச் சிறுவன் ஒருவன். அவன் தாய்க்கும் எங்களுக்கும் பொதுமொழி கிடையாது. மகளின் துணிப் பொம்மையின் வயிற்றுக் கட்டைப் பார்த்துவிட்டு அவன் தன் வயிற்றுக் கட்டைக் காட்டிச் சிரித்தான். அதன் பிறகு மொழி தேவைப்படவில்லை.

பிள்ளையின் கட்டிலருகே தாய் இருப்பது நம் நாட்டில் இயல்பான வழக்கம். மேனாடுகளில் இது போராடிப் பெற்ற உரிமை என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டுமே பிள்ளையைக் காண அனுமதிக்கப்பட்டனர். தாயைப் பிரிந்து எட்டு நாட்கள் மருத்துவமனையில் கிடந்த இரண்டு வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் படம் பிடித்து 1952-இல் வெளியிட்டார். அழாமல் அடங்கிக் கிடக்கும் குழந்தை அமைதியாயிருக்கிறது என்று எண்ணியிருந்தோர், அது உள்ளுக்குள் ஒடுங்குகிறது என்று உணரத் தொடங்கினர். 1959-இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து காணவும் சிறு பிள்ளைகளின் தாயர் உடன் தங்கவும் இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதைப் படித்தபோது, பேருந்தின் சன்னலோரம் வாளியுடன் அழாமல் அமர்ந்திருந்த எங்கள் மகள்தான் எங்கள் கண்முன் வந்தாள்.

இனி இத்தகைய பயணம் மேற்கொள்ளும் பெற்றோர்க்குச் சில சொற்கள். தனியார் மருத்துவமனையில் சேருமுன் செலவின் மதிப்பீட்டை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; முன்பணம் எவ்வளவு, உடன் தங்குவோர் எத்தனை பேர், காப்பீட்டு அட்டையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் அங்கே செல்லுமா என்பவற்றைப் புறப்படுமுன்னரே கேட்டறியுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. பணம் போதாதெனில் மருத்துவமனையின் சமூகப்பணியாளரிடம் மனந்திறந்து பேசுங்கள். பழைய சீட்டுகளையும் படங்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வாத மருந்து, அண்மையில் வந்த சளி, காய்ச்சல் எதையும் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வேலூர்க் கல்லூரிக்கு 2022 முதல் இராணிப்பேட்டையை அடுத்த கன்னிகாபுரத்திலும் பெரிய வளாகம் உண்டு. உங்கள் சீட்டு எந்த வளாகத்துக்குரியது என்று பார்த்துச் செல்லுங்கள். பணத்தைப் பற்றிய வாக்குவாதத்தைப் பிள்ளையின் காதில் விழ விடாதீர்கள்; தன்னால்தான் வீட்டுக்குத் துன்பம் என்று அது எண்ணிக்கொள்ளும். பிள்ளைக்குப் பிடித்த பொம்மையை மறவாதீர்கள். அதைத் துவைக்கவும் வேண்டா, வீட்டு வாசனை அதில் இருக்கட்டும்.

வீடு திரும்பிய பின் மகள் சில இரவுகள் படுக்கையை நனைத்தாள். தாயின் சேலைத் தலைப்பை விட மறுத்தாள். “இப்படி இரண்டு மூன்று வாரம் இருக்கும், கண்டிக்காதீர்கள்” என்று அருட்சகோதரி முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் கலங்கவில்லை. அவர் சொன்னபடியே அது மறைந்தது.

சூன் மாதத்தில் மறுபரிசோதனைக்கு வேலூர் சென்று, சிறுநீரகம் தேறிவருகிறது என்ற நற்செய்தியுடன் திரும்பினோம். அடுத்த சனிக்கிழமை மாலை, “கடற்கரைக்குப் போகலாமா?” என்று கேட்டோம். கேட்ட பிறகே அச்சொல்லின் கனம் எங்களுக்கு உறைத்தது. மகள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எதையும் கேட்கவுமில்லை. உள்ளே ஓடிச் சென்று, மூலையில் கிடந்த சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னே வாசலில் வந்து நின்றாள்.